இரண்டாம் தொட்டி

மாலை ஆறேகாலுக்குப் பனிக்கட்டிப் பெட்டியில் வந்தது.
குல்லாயைக் கூடக் கழற்றாமல்
கையெழுத்து வாங்கிக்கொண்டான் வார்டு ஆள்.
"ஏழு வாரப் பிள்ளை. பிறந்ததிலிருந்தே
தானாக வெளிக்குப் போனதில்லையாம்."
டீசா நதி கரையோரம் உறைந்திருந்த ஜனவரி.
செகெட் நகரத்து டிராம்கள் எல்லாம் தாமதம்.

இரண்டு துண்டு கேட்டிருந்தேன்.
மேலே வெட்டியதில் நரம்பு முடிச்சுகள் உண்டு.
கீழே வெட்டியதில் ஒன்றுகூடக் கிடையாது,
கருவில் இறங்கி வந்த நரம்பணுக்கள்
அங்கே வந்து சேரவே இல்லை.
உள்சவ்வை உரித்து, தசையைத் தீக்குச்சி அகலத்தில் நறுக்கி
இருமுனையிலும் பட்டுநூல் முடிச்சு.
கண்ணாடித் தொட்டிகளில் உப்புநீர், முப்பத்தேழு டிகிரி,
அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழிகள்.
ஒரு மணி நேரம் சும்மா தொங்கவிட வேண்டும்.
உடம்பை விட்டு வந்த தசைக்கும் இடம் பழகவேண்டுமே.
பக்கத்து அறையில் யாரோ மீன்சூப் சூடாக்கினார்கள்,
மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் எனக்கு.

குடலுக்கு வேலை தள்ளுவது என்றுதான் ஊர் நினைக்கிறது.
வழிவிடுவது பாதி வேலை.
பின்னால் இறுகும்போதே முன்னால் தளரவேண்டும்,
இல்லையென்றால் கவளம் எங்கே போகும்?
தளரச் சொல்ல நரம்பு இரண்டு வகையில் பேசும்:
நைட்ரிக் ஆக்சைடு, ஒரு வாயு, முந்திக்கொண்டு கத்தும்.
பெப்டைடு நிதானமாக வந்து நின்று பேசும்,
இருபத்தெட்டு அமினோ அமிலம் கோத்த சரம்.
அதற்கென்று தசையணுவின் மேல் ஏற்பிகள்,
சவ்வை ஏழு தரம் ஊடுருவித் தைத்த புரதங்கள்.
சரம் வந்து பொருந்தினால்
உள்ளே சேதி கைமாறும்,
கால்சியம் ஒதுங்கும்,
மயோசின் பிடித்த இழையை விட்டுவிடும்.

மின்துடிப்பு கொடுத்தேன்.
முதல் தொட்டியின் கோடு சட்டென்று குழிந்து எழுந்தது.
இரண்டாவது அசையவில்லை,
ஏழு வாரமாய்ப் பிடித்த பிடி.

கெலெமென் போன வாரமே பந்தயம் கட்டியிருந்தார்:
"கூப்பிட ஆளில்லாத இடத்தில் காது எதற்கு, எதெல்கா?
ஏற்பி இருக்காது. இருந்தாலும் செவிடாயிருக்கும்."
பந்தயம் ஒரு புட்டி பிளம் சாராயம்.

உறைபெட்டியிலிருந்து குப்பியை எடுத்தேன்,
என் அரைமாதச் சம்பளம் அதற்குள் ஒரு சிட்டிகை.
முப்பது மைக்ரோலிட்டர்.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
முப்பத்தெட்டில் மூக்கு அரித்தது, சொறியவில்லை.
நாற்பத்தொன்றில்
கோடு இறங்கத் தொடங்கியது,
கனத்த பெட்டியை ஒவ்வொரு படியாக இறக்குவதுபோல்,
நின்று, மூச்சுவாங்கி, மறுபடி.

கழுவினேன். பிடி திரும்பியது.
மறுபடி ஊற்றினேன்.
மறுபடி இறங்கியது.

தெரியும் அதற்கு. முதல் நாளிலிருந்தே தெரியும்.
நோட்டில் அப்படி எழுத முடியாது.
"தொட்டி இரண்டு: தளர்வு அறுபத்தொரு விழுக்காடு" என்று எழுதினேன்,
அறுபத்தொன்றுக்குக் கீழே கோடு போட்டேன், இரண்டு தரம்.
ஒரு பிள்ளையை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது,
அதையும் எழுதினேன்.
பதினொன்றரைக்கு இரண்டு துண்டும்
மஞ்சள் குப்பைப்பைக்குள் போயின.

மூன்றாம் நாள் காப்பி இயந்திரத்தின் முன் ஒரு பெண்,
மேல்கோட்டை இரவு உடைமேல் மாட்டியிருந்தாள்.
நாணயத்தை இயந்திரம் துப்பிக்கொண்டே இருந்தது.
என்னுடையதைப் போட்டுக் கொடுத்தேன்.
கையில் குவளை வந்ததும்
முன்பின் தெரியாத என்னிடம் சொன்னாள்:
"சொங்கொர் ராத்திரி போய்விட்டான்."
எனக்கு நெஞ்சு நின்றது.
"டயப்பர் தாண்டி, முதுகு வரைக்கும்!
நர்ஸ் மேலெல்லாம்!"
பெரிய பனிப்பொழிவைச் சொல்கிற குரல்.
"நீங்கள் டாக்டரா?"
"இல்லை, ஆய்வகம்."
"அங்கே என்ன செய்வீர்கள்?"

நூல் கட்டுவேன் என்றேன்.
அவள் சிரித்தாள்,
எனக்கும் சர்க்கரை போட்டுவிட்டாள், கேட்காமலே.